போனவர்களின் வீடு

"வந்தவருக்கு வீடு இருக்கிறது. போனவர்களுக்கு எங்கே வீடு?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டவர், அறுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். கேட்ட இடம், புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்த வீட்டின் கூடம். கேட்ட பாஷை பிரெஞ்சு. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பயந்து படித்த பிரெஞ்சு. ஆயினும் அந்தக் கேள்வி எனக்கு முழுக்க விளங்கிவிட்டது. பதில்தான் அகப்படவில்லை.

அவர் குவாதலூப் தீவிலிருந்து வந்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் பிரான்சைச் சேர்ந்த ஒரு சிறு தீவு அது. அங்கே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வில்லியனூரில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு யாரோ எழுதி, அவர் எனக்குச் சொல்லி, இரண்டு நாள் இவருக்கு வழிகாட்டியாக இருக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ரயிலடியில் அவரைப் பார்த்ததும் சிறிது திகைத்துப் போனேன். நம் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய்க் கூடையுடன் உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு முகம். அவர் வாயைத் திறந்தபோதுதான் எங்கள் இருவருக்கும் நடுவே கடல் வந்து நின்றது.

அவருடைய சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. அவர்கள் தீவின் ஆவணக் காப்பகத்தில் எடுத்த நகல். கப்பலிலிருந்து இறங்கிய ஒருவனுடைய பெயர், அவன் தகப்பன் பெயர், வயது இருபத்திரண்டு, ஊர். ஊர் என்ற இடத்தில் 'பாகூர்' என்று தெளிவாக இருந்தது. அதன் கீழே ஒரு கிராமத்தின் பெயர், எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதப்பட்டிருந்தது. அந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, நம் நண்பருடைய பாட்டனாரின் தகப்பனார்.

பாகூருக்குப் போகுமுன் நகரத்தில் எதையாவது காட்ட வேண்டுமே என்று அவரைப் பாரதியார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். படங்களைக் காட்டினேன். 1908-ஆம் வருஷம் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கைக்கு அகப்படாமல் பாரதியார் இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்ததையும், 1918-இல் ஊரை விட்டுப் புறப்பட்டதும் கடலூர் எல்லையில் கைதானதையும், குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்தப் பத்து வருஷத்துக்குள் பிறந்ததையும் சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. அடைக்கலம் தேடி வந்த ஒரு கவிஞருக்கு இந்த ஊர் இடம் கொடுத்தது. அவர் இருந்த வீட்டை இன்றைக்கும் வைத்துக் காப்பாற்றுகிறது. இதைவிட ஓர் ஊர் என்ன செய்ய முடியும்?

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதில் குத்தலே கிடையாது. பசித்தவன் 'சாப்பாடு எங்கே கிடைக்கும்?' என்று கேட்பது போலக் கேட்டார்.

வாசகர்களில் பலருக்கு இந்தப் 'போனவர்கள்' யார் என்பது தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளைத் தேடி அவர்கள் வந்த இடம் நம்முடைய கடற்கரை. இதற்கு இருபது வருஷம் முன்பே ரெயூனியன் தீவுக்கு இங்கிருந்து ஆட்களை ஏற்றிப் பார்த்திருந்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக் தீவிலும், 1854 டிசம்பர் மாதம் குவாதலூப் தீவிலும் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1861-இல் இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் பிடிக்கலாம் என்று ஆயிற்று. 1888-இல் குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரையில், பாண்டிச்சேரி, காரைக்கால், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து அந்த ஒரு தீவுக்கு மட்டும் சுமார் 42,000 பேர் போனார்கள். மார்த்தினிக்குக்குப் போனவர்கள் சுமார் 25,000 பேர். ஏறக்குறைய மூன்று மாதக் கப்பல் பிரயாணம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முடிந்தால் இலவசமாகத் திரும்பி வரலாம் என்று எழுத்தில் உறுதி. குவாதலூப்புக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கால் பங்குக்கும் குறைவு.

ஊர் ஊராகச் சென்று ஆள் பிடித்தவர்களுக்கு 'மேஸ்திரி' என்று பெயர். அந்தச் சொல் பிரெஞ்சுக் காகிதங்களிலும் அப்படியே ஏறியிருக்கிறது. புதுவை மாநிலத்தின் பூகோளம் அவர்களுக்கு மிகவும் வசதியாக இருந்திருக்க வேண்டும். இன்றைக்கும் நகரத்திலிருந்து பாகூருக்குப் போகிறவர் வழியில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறார். அந்தக் காலத்தில் ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, வரப்புக்கு அந்தப் பக்கத்து வயல் இங்கிலீஷ்காரனுடையது. பசித்தவன் ஒரு வரப்பைத் தாண்டினால் போதும். கடலைத் தாண்டுவதற்கு அதுதான் முதல் அடி.

பகல் சாப்பாட்டுக்கு வில்லியனூர் நண்பர் வீட்டுக்குப் போனோம். திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவில் பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கத்தையும், அந்த வழக்கம் இப்போது துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்வதையும் நண்பர் விருந்தாளிக்கு விவரித்தார். விருந்தாளி தலையை ஆட்டிக்கொண்டு, தம்முடைய தீவிலும் மாரியம்மன் உண்டு, மதுரை வீரனும் உண்டு, பெயர்கள்தான் சிறிது மாறிப் போயின என்றார். காபெஸ்தேர் என்ற ஊரில் உள்ள ஷாங்கி கோயிலைப் பற்றிச் சொன்னார். மனிதர்களின் பெயர்களும் அப்படித்தான். முத்துசாமி 'மூத்துசமி' ஆனார், சிதம்பரம் 'சிதாம்பரோம்' ஆனார். அந்த ஆன்ரி சிதாம்பரோம் என்பவர் 1863-இல் அதே காபெஸ்தேரில் பிறந்தவர். கூலிகளின் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டு என்று 1904-இல் வழக்குத் தொடங்கி, 1923 வரை விடாமல் போராடி வென்றார். நாம் சுதந்திரத்துக்குப் போராடிக்கொண்டிருந்த அதே காலத்தில், நம்மிடமிருந்து போன ஒருவர் வேறொரு மூலையில் வேறொரு வாசலைத் தட்டிக்கொண்டிருந்தார். நம்முடைய சரித்திரப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை.

விருந்தாளி கை கழுவப் போனபோது நண்பர் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்:

"இவரைப் பாகூருக்கு அழைச்சுக்கிட்டுப் போறீங்களே, யோசிச்சீங்களா? அங்கே போனதும் முதல் கேள்வி என்ன வரும்? 'எந்தத் தெரு?'ன்னு வரும். நூத்தம்பது வருஷமா அந்தக் கேள்வி இல்லாம வாழ்ந்த குடும்பம். கப்பல் ஏறினவனுக்குக் கிடைச்ச ஒரே லாபம் அதுதான். அந்த லாபத்தையும் இவர் கையிலேருந்து பிடுங்கிக் கொடுத்துட்டு வரப் போறீங்களா? மறந்து போனதும் ஒரு நல்லதுக்குத்தான், ஐயா."

இந்த வாதம் என்னை உலுக்கிவிட்டது. ஞாபகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு புண்ணிய காரியமாகவே பேசுகிறோம். ஆனால் நம்முடைய கிராமங்கள் எதை மறக்கின்றன, எதை மறப்பதே இல்லை என்று பார்த்தால், நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. போனவனை மறந்துவிட்ட கிராமம், அவன் எந்தத் தெருவிலிருந்து போனான் என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருக்கக்கூடும்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பாகூர் போய்ச் சேர்ந்தோம். பெரிய ஏரி, அதன் பாய்ச்சலில் பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத ஊர் அல்ல அது. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் பொறித்து வைத்தார்கள். அந்தச் செப்பேடுகள் கிடைத்து, படிக்கப்பட்டு, அச்சிலும் வந்திருக்கின்றன. தானம் பெற்ற நிலத்தின் எல்லை ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து போன பிள்ளையைப் பற்றி, அவன் போய் இறங்கிய ஊர்க் குமாஸ்தா எழுதினாரே ஒழிய, அவன் புறப்பட்ட ஊரில் ஒருவரும் எழுதவில்லை.

கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். டீக்கடையில் விசாரித்தோம். நண்பர் சொன்ன கேள்வி, சொன்னபடியே, இரண்டாவது நிமிஷத்தில் வந்தது. விருந்தாளிக்குப் புரியவில்லை, நான் மொழிபெயர்க்கவும் இல்லை. காகிதத்தில் இருந்த தகப்பன் பெயர் ஒரு குடும்பத்தில் தலைமுறைக்குத் தலைமுறை வைக்கப்படும் பெயர் என்று தெரிந்து, அந்த வீட்டுக்கு எங்களை அனுப்பினார்கள்.

ஓட்டு வீடு, திண்ணையில் நெல் மூட்டைகள். வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மரியாதையாக நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிறிது சிறிதாக இறுகிற்று. என்னை மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இவரு இப்ப எதுக்கு வந்திருக்காரு? நெலம் கிலம்னு ஏதாவது...?"

"அதெல்லாம் ஒன்றும் இல்லை. பூர்வீக ஊரைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்."

"இருக்கிறதே ஒண்ணரைக் காணி, சார். அதுக்கே மூணு பங்காளிங்க. எங்க வீட்டிலேருந்து அப்படி யாரும் போகல்லேன்னு சொல்லிடுங்க."

திரும்பி வந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு கிழவியின் குரல் வந்தது. அவருடைய தாயார்; எண்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

"ஏண்டா, யாரும் போகல்லேங்கிறே? மாளய அமாவாசைப் படையலுக்கு ஒரு எலை கூடப் போடுவோமே, அது யாருக்காம்? கப்பலுக்குப் போனவருக்குன்னுதானே எங்க மாமியா சொல்லுவாங்க?"

"நீ சும்மா இரும்மா!" என்று மகன் அதட்டினார். கிழவி பிறகு பேசவில்லை.

விருந்தாளி என் முகத்தைப் பார்த்தார். "அந்த அம்மா என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

"வயதானவர்கள். கீரையைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள்," என்றேன்.

இதுதான் நான் செய்த காரியம். இதை எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மோர் கொடுத்த வீட்டுக்காரருடைய மனம் நோகக் கூடாது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்தவர் நாளைக்குப் போய்விடுவார், நான் இவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவன். இப்படியெல்லாம் ஒரு கணத்தில் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அவர் மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஊரின் மண்ணைத் தொட்டதே போதும் என்றார். ரயில் நகர்ந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இதன் பிறகு சில வாரங்கள், 'போனவர்களுக்கு எங்கே வீடு?' என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாடுகளில் குடியேறியவர்கள் தங்களை எப்படி ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள் என்று தேடிப் படித்தபோது, கானடாவில் டொராண்டோ நகரத்தில் உள்ள ஒரு சிறு அருங்காட்சியகத்தைப் பற்றித் தெரிய வந்தது. உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் பெயரால் அமைந்தது அது. உக்ரேனிய விவசாயிகள் 1891 முதல் கானடாவுக்குப் போய்க் காடு வெட்டி நிலம் திருத்தியவர்கள். அவர்கள் வழிவந்தவர்கள் டொராண்டோவுக்கு அருகில் ஓக்வில் என்ற ஊரில் 1951-இல் அந்தக் கவிஞருக்குச் சிலை வைத்து, மறு வருஷமே அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள். 1988-இல் அதற்கு யாரோ தீ வைத்தார்கள், கட்டடம் போயிற்று. 1995-இல் டொராண்டோவில் மறுபடி திறந்தார்கள். 2006-இல் ஓக்வில்லில் இருந்த வெண்கலச் சிலையை உலோகத்துக்காகத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். தலை மட்டும் மீட்கப்பட்டது. அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை. கவிஞரின் நூல்களும் படங்களும் ஒரு பக்கம், காடு வெட்ட வந்தவர்களின் பூத்தையல்களும் கைவேலைகளும் ஒரு பக்கமாக, அந்தச் சிறு இடத்தை நடத்தி வருகிறார்கள்.

ஒரு கவிஞருக்கும் கூலிகளுக்கும் ஒரே கூரை. இது எப்படி அவர்களுக்குத் தோன்றிற்று? ஷெவ்சென்கோவின் வாழ்க்கையைப் படித்தால் விடை கிடைக்கிறது. 1814-இல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பிறவியிலேயே ஒரு பண்ணையாரின் சொத்து. அவருக்குச் சித்திரம் வரும் என்று கண்டுகொண்ட சிலர், 1838-இல் வேறொரு கவிஞரின் உருவப் படத்தை ஒரு பெரிய ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, அதைக் குலுக்கல் சீட்டுக்கு விட்டு வந்த 2,500 ரூபிளைக் கொடுத்து அவரை விலைக்கு மீட்டார்கள். 1840-இல் அவருடைய 'கொப்ஸார்' வெளியாயிற்று. 1847-இல் ஜார் அரசாங்கம் அவரைப் பிடித்துப் பட்டாளத்துச் சிப்பாயாக நாடு கடத்திற்று. எழுதக் கூடாது, வரையவும் கூடாது என்பது சக்கரவர்த்தியின் கட்டளை. அவர் சிறிய நோட்டுப் புத்தகங்களில் எழுதி, காலணிக்குள் மறைத்து வைத்துக்கொண்டார். பத்து வருஷம். நம் பாரதியாருக்குப் புதுச்சேரியில் கழிந்ததும் பத்து வருஷந்தான்.

ஆகவே, கானடாவின் குளிரில் நின்ற அந்த விவசாயிக்குத் தன் கவிஞரை நினைப்பதும் தன் பாட்டனை நினைப்பதும் வேறு வேறு காரியங்களாக இருக்கவில்லை. விலைக்கு விற்கக்கூடியவராக இருந்த ஒரு மனிதர் கவிஞரானார். அவரை உயர்த்தி வைத்தபோது, பாட்டனும் கூடவே தலை நிமிர்ந்தான். அவர்களுக்குள்ளும் சண்டை உண்டு. அந்த 1951-ஆம் வருஷத்துச் சிலை சோவியத் உக்ரேனிலிருந்து வந்த பரிசு என்பதனால் அதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். 1961-இல் வின்னிபெக் நகரத்தில் வேறொரு சிலை எழுந்தது. கட்சி இரண்டானாலும் கவிஞர் ஒருவர்தான்.

இங்கேதான் எனக்கு நம்மைப் பற்றி ஓர் உண்மை தெரிந்தது. நாம் கவிஞரைக் கொண்டாடுவதில் குறைந்தவர்கள் அல்ல. கல்கி அவர்கள் எழுதிக் கேட்டபோது, தமிழ் வாசகர்கள் ஓரணா, இரண்டணாவாக அனுப்பிய பணம் அல்லவா 1947-இல் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபமாக எழுந்தது? புதுச்சேரியிலும் பாரதியாருக்கு வீடு இருக்கிறது, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனுக்கும் இருக்கிறது. ஆனால் கவிஞரை நினைப்பதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. அவர் நம்மிடம் பங்கு கேட்டு வர மாட்டார். அவர் உயிரோடு இருந்தபோது பட்ட கடனைக்கூட நாம் அடைக்க வேண்டியதில்லை; மாலை போட்டால் போதும். கூலியாகப் போனவன் அப்படி அல்ல. அவன் நினைவுக்கு வந்தால் கூடவே சில கேள்விகளும் வருகின்றன. அவன் ஏன் போனான்? அவன் பங்கு நிலத்தில் யார் உழுதார்கள்? அவனை மேஸ்திரியிடம் கொண்டு விட்டது யார்? அவன் எந்தத் தெரு? அவன் பெயரைச் சொல்லவே நமக்கு வாய் வராமல் போனதற்கு அன்புக் குறைவு காரணம் அல்ல. பயந்தான் காரணம்.

வில்லியனூர் நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? வேண்டாத கேள்விகள். மறந்துவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி," என்றார்.

அவருக்கு அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். மறப்பதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. அந்தத் தீவில் பிறந்த ஒருவர், 'எனக்குப் பாகூரும் வேண்டாம், உங்கள் தெருவும் வேண்டாம்' என்று உதறிவிட்டுப் போனால், அது அவருடைய சுதந்திரம். அவரைத் துரத்திக்கொண்டு போய் நம் ஞாபகத்தை அவர் தலையில் கட்ட நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தேடி வந்தவரிடம் மறைப்பது மறதி ஆகாது. அவருடைய மறதியை அவருக்காக நாம் தீர்மானிப்பது அது. கீரையைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று நான் சொன்னபோது, அவரைப் பாதுகாக்கவா சொன்னேன்? இல்லை. ஒண்ணரைக் காணியைப் பாதுகாத்தேன். அதையும்விட, ஒரு சங்கடமான மாலைப் பொழுதிலிருந்து என்னைப் பாதுகாத்துக்கொண்டேன். 'அவர் நன்மைக்காகத்தான்' என்று நாம் மறைக்கிற பொய்களில் பெரும்பாலானவை இந்த ஜாதிதான்.

வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. மூன்று பங்காளிகளுக்கு நடுவே ஒண்ணரைக் காணி வைத்திருப்பவர் நாலாவதாக ஒருவரைக் கண்டு அஞ்சுவது இயற்கை. சட்டப்படி அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். நான் அதையும் செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயந்த அதே குடும்பம் வருஷந்தோறும் ஓர் இலை கூடுதலாகப் போட்டிருக்கிறது. பங்கு கொடுக்கப் பயந்தவர்கள் சோறு போட மறக்கவில்லை. அந்த இலையைவிடப் பழைய அருங்காட்சியகம் பாகூர்ப் பக்கத்தில் வேறு இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் கட்டடம் எதற்கு என்று கேட்கலாம். வீட்டுக்குள் போடும் இலையை வீட்டார்தான் பார்க்க முடியும். ஓர் அதட்டலில் அது மறைந்துபோகும். கிழவி கண்ணை மூடினால் அது யாருக்கு என்ற சொல்லும் போய்விடும். வெளியிலிருந்து வருகிறவருக்கு ஒரு பொது வாசல் வேண்டும். அங்கே யாரும் நிலத்துக்குப் பயப்பட வேண்டாம். யாரும் தெருவைக் கேட்க மாட்டார்கள். பாரதியார் வீட்டிலேயே அதற்கு ஓர் அறை ஒதுக்கினால் என்ன என்று எனக்கு ஓர் ஆசை. பொருத்தம் இல்லாமல் சொல்லவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டு மனம் பொறுக்காமல் பாடியவர் அவர். எந்தத் துறைமுக ஊரிலிருந்து கூலிக் கப்பல்கள் போயினவோ, அதே ஊரில் பத்து வருஷம் அகதியாக இருந்தவர். தம்முடைய கூடத்தில் அவர்கள் உட்கார இடம் கொடுக்க மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்? கப்பல்களின் பெயர்கள், போனவர்களின் பெயர்கள், அவர்கள் சொன்ன ஊர்களின் பெயர்கள் இருந்தால் போதும். சிதாம்பரோம் போல வென்றவர்களை மட்டும் மாட்டி வைக்கக் கூடாது. முதல் வருஷமே செத்துப் போனவன் பெயரும் இருக்க வேண்டும்.

இது நடக்குமோ நடக்காதோ. என்னால் ஆகக்கூடியது ஒன்று இருந்தது. அதைச் செய்வதற்காக, மாளய அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தனியாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். மகன் வயலுக்குப் போயிருந்தார். கிழவி திண்ணையில் இருந்தாள். அன்றைக்கு வந்தவரிடம் அவள் சொன்னதை நான் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அது அவளுடைய சொல். அவருக்கு எழுத வேண்டுமானால் அவள் அனுமதி வேண்டும் என்றேன்.

கிழவி சிறிது நேரம் என்னையே பார்த்தாள்.

"பாவம், அம்மாந் தூரம் வந்துட்டு வெறுங்கையோட போனாரா? எழுதுங்க தம்பி. என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கறேன்."

பிறகு அவளே கேட்டாள்: "அந்தக் காயிதத்துலே ஒரு பேரு இருந்துச்சாமே, அது என்ன பேரு?"

சொன்னேன். உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவள் மாமியார் அந்தப் பெயரை அவளுக்குச் சொன்னதே இல்லையாம். 'கப்பலுக்குப் போனவரு' என்று மட்டும் சொல்வாளாம்.

"பாட்டி, அவரேதான் இவர் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வேறு குடும்பமாகவும் இருக்கலாம்," என்று எச்சரித்தேன். என்ன இருந்தாலும் நான் படித்தவன் அல்லவா?

"இருந்துட்டுப் போவட்டுமே," என்றாள் கிழவி. "இத்தனை வருசமாப் பேரில்லாம எலை போட்டோம். இந்த வருசம் ஒரு பேரைச் சொல்லிப் போடறோம். நம்மவரா இல்லாட்டியும் என்ன? போனவருதானே? அவரு சாப்பிடட்டும்."

அன்று இரவே குவாதலூப்புக்குக் கடிதம் எழுதினேன். என்னுடைய பொய்யை முதலில் எழுதினேன். கிழவியின் சொல்லைப் பிறகு எழுதினேன்.